கொலஸ்ட்ரால் இறங்கியது, ரத்தக் குழாய் ஏன் தேறவில்லை?

(டயாலிசிஸ் செய்துகொள்வோரும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் சிறுநீரக மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலை ஷிஃப்டில் டயாலிசிஸ் முடித்துவிட்டு, ஊசி எடுத்த இடத்தில் கட்டுப் பிரிக்காமலேயே சிலர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். களைப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மாதா மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், கிரியேட்டினினுக்கு அடுத்தபடியாக நீங்கள் கேட்பது கொலஸ்ட்ராலைப் பற்றித்தான். “150 இருக்கிறது” என்று சொன்னால் முகம் தெளிகிறது. “அப்படின்னா ஹார்ட்டுக்கு ஒண்ணும் பயமில்லையே டாக்டர்?” என்று அடுத்த கேள்வி வருகிறது. இன்றைய பேச்சு முழுவதும் இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான். கொலஸ்ட்ரால் 150 உள்ளவருக்கும் இதய நோய் வருகிறது. டயாலிசிஸில் இருப்பவரிடம் நிறையவே வருகிறது. காரணம், உங்கள் ரத்தக் குழாயில் ஒரே நேரத்தில் இரண்டு வியாதிகள் நடக்கின்றன. கொலஸ்ட்ரால் பரிசோதனை அவற்றில் ஒன்றைத்தான் காட்டுகிறது. அதுவும் அரைகுறையாகத்தான் காட்டுகிறது.

கதையை அது தொடங்கிய இடத்திலிருந்தே சொல்கிறேன். 1960 மார்ச் மாதம், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், க்ளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் டெஃப்லான் குழாய் ஒன்றைப் பொருத்தினார். டயாலிசிஸ் இயந்திரம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. சில தடவைக்குப் பிறகு திறக்க இடமே மிஞ்சாது. அதனால் தற்காலிகமாகச் சிறுநீரகம் நின்றவர்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. நிரந்தரமாகப் பழுதானவர்களுக்கு வழியே இல்லை. ஸ்க்ரிப்னரின் குழாய் கையிலேயே தங்கியது. வேண்டும்போது இயந்திரத்தோடு இணைக்கலாம். ஷீல்ட்ஸ் போயிங் விமானத் தொழிற்சாலையில் இயந்திரத் தொழிலாளியாக இருந்தவர். சில வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை 11 ஆண்டுகள் நீண்டது. இந்த அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அவர் வழியாக வந்தவர்கள்தான் என்று நான் நினைப்பதுண்டு. 1971-ல் அவர் இறந்தார். மாரடைப்பு.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1974-ல், ஸ்க்ரிப்னரின் குழுவினர் 39 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். 13 ஆண்டுக் காலத்தில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் காரணம் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு. டயாலிசிஸ் உயிரை நீட்டியது. நீண்ட அந்த உயிரை ரத்தக் குழாய் வழிமறித்தது. ரத்தக் குழாய் அடைப்பு நோய் இவர்களிடம் வேகம் பிடிக்கிறது என்று அந்தக் கட்டுரை எச்சரித்தது. 1998-ல் ஃபோலி முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்கப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, 25 முதல் 34 வயதுக்குட்பட்ட டயாலிசிஸ் நோயாளிக்கு இதய நோயால் மரணம் நேரும் வாய்ப்பு, 85 வயதைத் தொட்ட மற்றவர்களுக்கு உள்ள அளவில் இருந்தது.

இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் மறைத்தால், நீங்கள் வேறு எதனோடோ சண்டை போட்டுக்கொண்டு இருப்பீர்கள். பலர் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மருத்துவ உலகமும் முதலில் கொலஸ்ட்ராலைத்தான் குறிவைத்தது. அதற்கு நியாயம் இருந்தது. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987-ல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் மருந்துக் கடைக்கு வந்தது. 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மரணம் 30 சதவீதம் குறைந்தது. நவீன மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. இங்கே பலர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிற அட்டார்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் அந்தக் குடும்பத்து மாத்திரைகள்தாம். ஆனால் அந்தப் பெரிய ஆய்வுகளில் சிறுநீரகம் முழுதும் பழுதானவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. மற்றவர்களுக்குப் பலித்தது இவர்களுக்கும் பலிக்கும், இவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதால் பலன் இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

ஜெர்மனியில் கிறிஸ்டோஃப் வானர் தலைமையில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த 1,255 பேர். பாதிப் பேருக்கு அட்டார்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது: கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்லும் எல்.டி.எல். 42 சதவீதம் இறங்கியது. ஆனால் இதய நோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் குறைந்தது 8 சதவீதம் மட்டுமே; அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய வித்தியாசம். 2005-ல் முடிவு வெளியானபோது நம்ப முடியாமல்தான் பலர் படித்தார்கள். 2009-ல் 25 நாடுகளைச் சேர்ந்த 2,776 பேரிடம் ரோசுவாஸ்டாட்டினை வைத்துச் செய்த அரோரா ஆய்வு வந்தது. எல்.டி.எல். 43 சதவீதம் இறங்கியது. நோயும் மரணமும் இறங்கவில்லை.

பலன் இல்லை என்று தெரிந்ததும் அதை அப்படியே அச்சிட்டார்களே, அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். வாரம் மூன்று நாள் ஊசி குத்திக்கொண்டு, அதற்கு மேல் ஓர் ஆய்வுக்கும் சம்மதித்து, பரிசோதனைக்குக் கை நீட்டிய அந்த நோயாளிகளை இன்னும் அதிகமாக மதிக்கிறேன். நமக்கு வழி தெரிந்தது அவர்களால்.

பலன் ஏன் இல்லை? ஜெர்மனி ஆய்வில் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தால் துப்பு கிடைக்கிறது. நான்கில் ஒருவருக்கு மேல் திடீர் இதய நிறுத்தத்தால் இறந்திருந்தார்கள். மாரடைப்பால் நேரடியாக இறந்தவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. ஸ்டாட்டின் தடுப்பது முக்கியமாகக் கொழுப்புத் திட்டு வெடித்து வருகிற மாரடைப்பையும் பக்கவாதத்தையும். இவர்களைக் கொன்றது பெரும்பாலும் வேறு. அது என்ன என்று தெரிய ரத்தக் குழாயின் சுவருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பேச்சின் உயிர் இதில்தான் இருக்கிறது.

நம் தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. ரத்தம் தொட்டு ஓடுகிற உள் அடுக்கு மெல்லியது. நடு அடுக்கு தசையும் மீள்நாரும் கலந்தது. வெளி அடுக்கு தாங்கிப் பிடிப்பது. எல்லாருக்கும் தெரிந்த கொலஸ்ட்ரால் வியாதி உள் அடுக்கில் நடக்கிறது. கொழுப்பு அங்கே புகுந்து, திட்டாகி, பாதையைக் குறுக்குகிறது. ஒருநாள் திட்டு பிளந்து ரத்தம் உறைந்து அடைக்கிறது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இதுவும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு கூட நடு அடுக்கில் இன்னொன்று நடக்கிறது. அங்கே கொழுப்பு கிடையாது. கால்சியமும், பாஸ்பரஸின் உப்பு வடிவமான பாஸ்பேட்டும் சேர்ந்து படிகின்றன. எலும்பில் எந்த உப்பு இருக்கிறதோ ஏறக்குறைய அதே உப்பு. 1903-லேயே மோன்கெபெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த நடு அடுக்குப் படிவத்தை விவரித்துவிட்டார். முதியவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் இது உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களிடம் இளமையிலேயே தொடங்கிவிடுகிறது.

எவ்வளவு இளமையில்? கலிஃபோர்னியாவில் குட்மன் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் மறப்பதே இல்லை. 20 முதல் 30 வயதுக்குட்பட்ட டயாலிசிஸ் நோயாளிகள் 16 பேரின் இதயத் தமனிகளை ஸ்கேன் செய்தார்கள். 14 பேருக்குக் கால்சியம் படிந்திருந்தது. அதே வயதில் ஆரோக்கியமாக இருந்த 60 பேரைப் பார்த்தபோது, படிந்திருந்தது 3 பேருக்கு. படிவம் இருந்தவர்களின் ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடுதலாக இருந்தது; அவர்கள் கால்சியம் மாத்திரையும் அதிகமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இது தானாக வந்து படிகிற உப்பு மட்டும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் தமனியின் தசைச் செல்களை ஆய்வுக்கூடத்தில் பாஸ்பேட் அதிகமான திரவத்தில் வளர்த்துப் பார்த்தபோது, அந்தச் செல்கள் தங்கள் சுபாவத்தையே மாற்றிக்கொண்டன. தசையின் குணங்களை விட்டு, எலும்பை உருவாக்கும் செல்லின் குணங்களை எடுத்துக்கொண்டு, தாமே சுண்ணாம்பைப் படியவைத்தன. இந்த வேலையும் சியாட்டிலில்தான் நடந்தது, 2000-ம் ஆண்டில். ஆக, பாஸ்பரஸ் கூடினால் அரிப்பு வரும், எலும்பு வலிக்கும் என்பதோடு முடிவதில்லை. உங்கள் ரத்தக் குழாய் எலும்பாக மாறக் கட்டளை பெறுகிறது.

குழாய் கெட்டியானால் என்ன ஆகும்? தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் அது விரிந்து சுருங்கி ஒரே சீராகத் தள்ளும். அதையே இரும்புக் குழாயாக மாற்றினால் ஒவ்வொரு அடியும் அப்படியே போய் இடிக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி இப்படிக் கெட்டியானால் மேல் ரத்த அழுத்தம் ஏறும், கீழ் அழுத்தம் இறங்கும். 170-க்கு 60 என்று உங்களில் சிலருக்கு எழுதியிருப்பார்கள். கீழ் அழுத்தம் இறங்குவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் ஓய்வெடுக்கும் அந்தக் கணத்தில், அந்தக் கீழ் அழுத்தத்தில்தான் போகிறது. அது குறைந்தால் இதயம் பட்டினி கிடக்கிறது. மறுபக்கம், கெட்டிக் குழாயை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடிக்கிறது. டயாலிசிஸ் தொடங்கும் நாளிலேயே நான்கில் மூவருக்கு இதயத்தின் இடது அறை தடித்திருப்பதாக ஃபோலியின் இன்னொரு ஆய்வு காட்டியது. தடித்த தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. அப்படிப்பட்ட இதயத்தில் ஒரு நாள் பொட்டாசியம் ஏறியோ, தண்ணீர் கூடியோ, அல்லது மிஷினில் வேகமாகத் தண்ணீரை எடுத்தோ அதிர்ச்சி கொடுத்தால், துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடுகிறது. திடீர் மரணம் என்று பார்த்தோமே, அது இப்படி வருகிறது. இதில் எங்கே போய் ஸ்டாட்டின் தடுக்கும்?

டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ஃபிஸ்டுலா போடும்போது சில பேருக்கு “குழாய் கெட்டியாக இருக்கிறது, இந்தக் கையில் முடியாது” என்று அறுவை மருத்துவர் சொல்லியிருப்பார். கை எக்ஸ்ரேயில் எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடுகளாகத் தமனியே தெரிவதும் உண்டு. நான் சொல்லும் வியாதியை நீங்கள் பார்த்தே இருக்கிறீர்கள்.

இனி பாஸ்பரஸ். ஒரு தடவை 4 மணி நேர டயாலிசிஸ் ஏறக்குறைய 800 முதல் 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸை எடுக்கும். சாதாரணமாகச் சாப்பிடுபவருக்கு ஒரு நாளில் உள்ளே போவதே அவ்வளவு இருக்கும்; அதில் பாதிக்கு மேல் உடம்பில் சேரும். வாரம் மூன்று தடவை செய்தாலே கணக்கு இடிக்கிறது. நம் பக்கத்தில் வாரம் இரண்டு தடவையே செய்துகொள்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் சாப்பாட்டோடு போடும் பாஸ்பரஸ் மாத்திரை. அதைச் சாப்பாட்டின் நடுவில் போட வேண்டும். சோற்றில் உள்ள பாஸ்பரஸை வயிற்றுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு வெளியே போவதுதான் அதன் வேலை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால், பிடிக்க எதுவும் இருக்காது. கால்சியம் கலந்த மாத்திரையாக இருந்தால் அந்தக் கால்சியம் ரத்தத்தில் போய்ச் சேரும், நாம் எதைத் தடுக்க நினைக்கிறோமோ அதற்கே தீனியாகும். அதனால்தான் கால்சியம் மாத்திரையின் அளவைக் கட்டுக்குள் வைக்கச் சொல்கிறார்கள்; செவலமர் போன்ற கால்சியம் இல்லாத மாத்திரையும் உண்டு, விலைதான் கூடுதல். “எலும்புக்கு நல்லது” என்று கடையில் நீங்களாகக் கால்சியமும் வைட்டமின் டி-யும் வாங்கிப் போடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பருப்பு, தானியத்தில் உள்ள பாஸ்பரஸ் முழுவதும் உடம்பில் சேராது, பாதியளவுதான் சேரும். ஆனால் பாக்கெட்டில் வருகிற பண்டங்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கிற பாஸ்பேட் உப்பு ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். கறுப்பு நிறக் கோலா, சீஸ் துண்டு, சாசேஜ் இவற்றில் அது உண்டு. வீட்டுச் சாம்பாரைக் கண்டு பயந்து பாக்கெட்டைப் பிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாஸ்பரஸைக் குறைத்தால் ஆயுள் இவ்வளவு கூடும் என்று ஸ்டாட்டினுக்குச் செய்தது போன்ற பெரிய ஆய்வு எதுவும் இன்னும் நிரூபிக்கவில்லை. கால்சியம், பாஸ்பரஸ் சமநிலையைக் கையாளும் பாராதைராய்டு சுரப்பியை அடக்கும் சினாகால்செட் மாத்திரையை 3,883 பேரிடம் சோதித்து 2012-ல் முடிவு வந்தபோது, அதுவும் எதிர்பார்த்த தெளிவான பலனைத் தரவில்லை. ஒருமுறை படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும் மருந்தும் இன்று நம் கையில் இல்லை. ஆனால் காரணம் எது என்பதற்குச் சான்றுகள் பல திசையிலிருந்து ஒரே இடத்தைக் காட்டுகின்றன. படிவதற்கு முன் தடுப்பதில்தான் நமக்குப் பிடி இருக்கிறது.

உப்பு, தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்கெனவே கேட்டுச் சலித்திருப்பீர்கள். ஏறக்குறைய 8 கிராம் உப்பு உடம்பில் தங்கினால் அது ஒரு லிட்டர் தண்ணீரைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். தாகத்தைத் தூண்டுவதும் அதுவே. ஆகவே தண்ணீரை அளந்து குடிப்பதற்கு முன் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் இவற்றை அளக்க வேண்டும். 60 கிலோ உள்ளவரிடம் 4 மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேல் எடுக்க வேண்டி வந்தால் ஆபத்து கூடுகிறது. கிறிஸ்டஃபர் மெக்கின்டயர் என்ற மருத்துவர் இங்கிலாந்தில் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார். வேகமாகத் தண்ணீர் எடுக்கும்போது இதயச் சுவரின் சில பகுதிகள் துடிக்க மறந்து மரத்துப்போவது தெரிந்தது. “அரை மணி முன்னாடியே எடுத்துவிடுங்க, பஸ்ஸைப் பிடிக்கணும்” என்று டெக்னீஷியனிடம் கேட்கிறீர்களே, அந்த அரை மணியில் பாஸ்பரஸும் தங்குகிறது, இதயமும் அடி வாங்குகிறது. இதய நோய்க்கு நல்லது என்று விற்கிற சோடியம் குறைந்த உப்பை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது; மற்றவர்களுக்கு மருந்து, உங்களுக்கு அது உயிருக்கு ஆபத்து.

இப்போது கொலஸ்ட்ராலுக்கே திரும்புவோம். நான் உண்மையில் கோபப்படுகிற இடம் இது. “கொழுப்பு ஆகாதுன்னு முட்டை, மீன் எல்லாம் விட்டுட்டேன் டாக்டர். ரெண்டு இட்லி, கொஞ்சம் ரசம் சாதம், அவ்வளவுதான்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களும் அன்பினால்தான் அப்படிப் பத்தியம் வைக்கிறார்கள். ஆறு மாதத்தில் கன்னம் ஒட்டிவிடுகிறது. ரத்தப் புரதமான அல்புமின் 3-க்குக் கீழே போகிறது. கொலஸ்ட்ரால் 110 ஆகிறது. அதைப் பார்த்து எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள்.

1990-ல் அமெரிக்காவில் லோரி, லூ என்ற இருவர் 12,000-க்கு மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளை அலசினார்கள். கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தவர்களிடம் மரணம் கூடுதலாக இருந்தது. அல்புமின் குறைந்தவர்களிடம் இன்னும் கூடுதலாக இருந்தது. அப்படியானால் கொலஸ்ட்ரால் இவர்களைக் காப்பாற்றுகிறதா? 2004-ல் 823 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு அந்தப் புதிரை அவிழ்த்தது. உடம்பில் அழற்சியும் ஊட்டக்குறைவும் இல்லாதவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தால், அவர்களிடம் கொலஸ்ட்ரால் ஏற ஏற ஆபத்தும் ஏறியது, எல்லாரையும் போலவே. குறைந்த கொலஸ்ட்ரால் கொல்வதில்லை. உடம்பு உள்ளே தேய்ந்துகொண்டிருப்பதன் அடையாளமாக அது வருகிறது. தேய்மானம்தான் கொல்கிறது. அழற்சி, அந்தத் தேய்மானத்தோடு சேர்ந்து ரத்தக் குழாயையும் கெடுக்கிறது.

ஒவ்வொரு டயாலிசிஸிலும் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் உங்கள் உடம்பைவிட்டுப் போகிறது. அதனால்தான் டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் “புரதம் குறையுங்கள்” என்று சொன்ன அதே மருத்துவர், தொடங்கிய பிறகு “கூட்டுங்கள்” என்கிறார். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 60-லிருந்து 72 கிராம். இட்லி, ரசத்தில் அது வராது. முட்டை வெள்ளைக் கரு ஒன்றில் மூன்றரை கிராம் நல்ல புரதம் இருக்கிறது. கொழுப்பு இல்லை, பாஸ்பரஸும் மிகக் குறைவு. மீன் சாப்பிடுபவர்கள் புது மீனைக் குழம்பு குறைத்துத் துண்டாகச் சாப்பிடுங்கள். சைவம் மட்டும் என்பவர்களுக்குப் பருப்பு, பனீர், தயிர் இவற்றில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சேர்ந்து வரும்; அளவை உணவியலாளரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள், மாத்திரையை அதற்கேற்ப மாற்றலாம். வயிற்றில் திரவம் விட்டுச் செய்யும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கணக்கு சற்று வேறு. திரவத்தில் உள்ள சர்க்கரை உடம்பில் ஏறுகிறது, புரதம் திரவத்தோடு வெளியேறுகிறது; அதனால் அவர்களுக்கு டிரைகிளிசரைடும் எல்.டி.எல்.-ம் கூடுதலாகவே இருக்கும். ராத்திரி முழுக்கச் சர்க்கரைத் திரவம் வயிற்றில் இருக்க, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தோம் என்பதிலும் முழு அர்த்தம் இல்லை.

அப்படியானால் ஸ்டாட்டினை நிறுத்திவிடலாமா? வேண்டாம். இன்று வீட்டுக்குப் போய் யாரும் எதையும் நிறுத்தக் கூடாது. ஆக்ஸ்ஃபர்டிலிருந்து 9,270 பேரை வைத்து நடத்திய ஷார்ப் ஆய்வு 2011-ல் வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கினர் டயாலிசிஸுக்கு இன்னும் வராத சிறுநீரக நோயாளிகள். சிம்வாஸ்டாட்டினும் எஸெட்டிமிப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மருந்தும் சேர்த்துக் கொடுத்ததில் கொழுப்பு அடைப்பால் வரும் நோய்கள் 17 சதவீதம் குறைந்தன. சிறுநீரகம் கெட ஆரம்பித்த காலத்திலேயே கொலஸ்ட்ராலைக் குறைத்தால் பலன் உண்டு; சிறுநீரகம் பழுதாகப் பழுதாக அந்தப் பலன் தேய்கிறது; டயாலிசிஸ் கட்டத்தில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இந்த ஆய்வுகளை எல்லாம் வைத்து 2013-ல் கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற உலகச் சிறுநீரக அமைப்பு சொன்ன வழிகாட்டல் எளிமையானது. டயாலிசிஸ் தொடங்கும்போதே ஸ்டாட்டின் போட்டுக்கொண்டிருந்தால் தொடருங்கள். போடாதவருக்கு டயாலிசிஸில் வந்த பிறகு வழக்கமாகப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. ஸ்டென்ட் வைத்தவர், அண்மையில் மாரடைப்பு வந்தவர், எல்.டி.எல். மிக அதிகமாக உள்ளவர் விஷயத்தில் மருத்துவர் தனியாக யோசிப்பார். ஜெர்மனி ஆய்விலேயே எல்.டி.எல். 145-க்கு மேல் இருந்தவர்களைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது அவர்களுக்குப் பலன் இருந்தது.

உங்கள் வீட்டில் தம்பிக்கோ மகளுக்கோ கிரியேட்டினின் இப்போதுதான் 2 ஆகியிருக்கிறது என்றால், ஸ்டாட்டின் பேச்சு அவர்களுக்குத்தான் அவசரம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பரம்பரையாக ஓடுகிற குடும்பங்களில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உங்கள் குழாயில் படிந்ததை நம்மால் கரைக்க முடியவில்லை; அவர்களுடையதைக் காப்பாற்ற இன்னும் நாள் இருக்கிறது.

புகையிலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டுமா? பீடி, சிகரெட் இரண்டு அடுக்கையும் கெடுக்கும். விட்டேயாக வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் அண்மையில் வந்திருக்கிறது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 1,228 டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தினமும் 4 கிராம் மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2025 நவம்பரில் வெளியானது. கடுமையான இதய, ரத்தக் குழாய் நோய் நிகழ்வுகள் 43 சதவீதம் குறைந்திருந்தன. இத்தனை ஆண்டுகளாகக் கொலஸ்ட்ராலைக் குறைத்துப் பெற முடியாத பலன் அது. இது ஒரே ஓர் ஆய்வு. இன்னொன்றும் இதையே காட்டினால் நாங்கள் எல்லாரும் எழுதிக் கொடுப்போம். அதுவரை, ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரை போடுபவர்கள் குறிப்பாக, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரைக் குப்பியை வாங்காதீர்கள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய சிறுநீரகம் கிடைத்த பிறகு நிலைமை மறுபடி மாறும். பாஸ்பரஸ் தானாக இறங்கும். ஆனால் அந்தச் சிறுநீரகத்தைக் காக்கப் போடும் மாத்திரைகள் கொலஸ்ட்ராலை ஏற்றும். அப்போது பெரும்பாலானோருக்கு ஸ்டாட்டின் தேவைப்படும். இன்று “வேண்டாம்” என்று சொன்ன மருத்துவர் அன்று “போடுங்கள்” என்றால் குழம்ப வேண்டாம்.

அடுத்த மாதம் பரிசோதனைத் தாள் வந்ததும் பாஸ்பரஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள், 5.5-க்குள் இருக்கிறதா? அல்புமின் 4-ஐ ஒட்டி இருக்கிறதா? போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையில் எடை எத்தனை கிலோ ஏறியது? இவற்றுக்குப் பிறகு கொலஸ்ட்ராலுக்கு வாருங்கள். ரிப்போர்ட் கையில் கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வரலாம். மதிய ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.